இடது பக்கம் நின்றவள்

கணக்கு டீச்சருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. இருப்புக் கொண்ட நாள் எது என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணினிகள் வந்து இறங்கிய நாளிலிருந்தே அவள் குட்டி போட்ட பூனைதான். ஆனால் இன்றைக்கு இருந்த அலைச்சல் தனி ரகம். வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு மூன்று தடவை வாசலுக்குப் போய்த் தெருவிளக்கைப் பார்த்துவிட்டு வந்தாள். விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குள்ளேயே சுவிட்சைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். எவ்வளவு பெரிய வண்டி நடுரோட்டில் நின்றாலும் பதறாத ஆள். தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னான்: "கரண்ட் இருக்கு. காத்து இருக்கு. சூரியனும் வந்தாச்சு. நீயும் வந்து உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிடு."

"கம்ப்யூட்டர் ரூம் பேட்டரி நேத்து சாயங்காலம் ஒரு மாதிரி கூவிச்சுங்க."

"கூவினா உயிரோட இருக்குன்னு அர்த்தம். கூவாம இருந்தாத்தான் கவலைப்படணும். உனக்கு அந்த ரூம்தான் மூத்த பிள்ளை. இவ ரெண்டாவது."

இவள் என்று அவன் காட்டியது எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளை. அம்மாவின் பள்ளியிலேயே எட்டாம் வகுப்பு. வீட்டில் குட்டி என்று பெயர். குட்டி சிரிக்கவில்லை. பரீட்சை அன்று யார்தான் சிரிப்பார்கள்.

அந்தப் பரீட்சை சாதாரணப் பரீட்சை அல்ல. இந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டோடு படிப்பு முடிகிறது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி, நெரிசலான ஒரு பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அல்லது இந்தப் பரீட்சையில் தேறி, அறிவியலுக்கென்றே இருக்கிற அரசு விடுதிப் பள்ளியில் சேர வேண்டும். சாப்பாடு, தங்கல், படிப்பு எல்லாம் இலவசம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். நேற்றுவரை காகிதத்தில் நடந்த பரீட்சை, இந்த வருஷம் கணினியில், இணையம் வழியாக, அந்தந்தப் பள்ளியின் கணினியிலேயே என்று ஆகிவிட்டது. குட்டி அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது டீச்சரின் ஒரே ஆசை. கணக்கில் அந்தப் பெண் புலி. பிள்ளை போடும் கணக்கைப் பார்த்து டீச்சருக்கே சில நேரம் வாயடைத்துப் போகும்.

ஆகவே டீச்சர் கவலைப்பட்டாள். கரண்டுக்குக் கவலைப்பட்டாள், பேட்டரிக்குக் கவலைப்பட்டாள், வயரை எலி கடித்திருக்குமோ என்று கவலைப்பட்டாள், இணையம் பாதியில் கழன்றுகொள்ளுமோ என்று கவலைப்பட்டாள். அவள் கவலைப்படாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது குட்டி. கணினி அறைச் சாவி அம்மாவின் இடுப்பில் தொங்கும்போது பெண்ணுக்குக் கணினி தெரியாமல் போகுமா என்ன? ஊரே அப்படித்தான் நினைத்தது. டீச்சரும் ஊரோடு சேர்ந்து நினைத்தாள்.

கணினிகள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும்.

பத்துக் கணினிகள் ஒரு வேனில் வந்து இறங்கின. வைக்க இடமில்லை. சுற்றிப் பார்த்த தலைமையாசிரியர் கண்ணில் பட்டது தையல் அறை. மறுநாளே தையல் மெஷின்கள் தாழ்வாரத்துக்கு வந்தன, கணினிகள் உள்ளே போயின. தையல் டீச்சர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. கணினிகளுக்குத் தூசி படாமல் உறை தைத்துத் தரச் சொன்னபோதும் மறுக்கவில்லை. தைத்தும் கொடுத்தாள். பூப்போட்ட துணியில், இறுக்கமாக, முன்னாலும் பின்னாலும் பொத்தான் வைத்து. அந்தப் பொத்தான்களைக் கழற்றுவதற்குள் பாதிப் பாடவேளை போய்விடும், திரும்பப் போடுவதற்குள் மீதி. ஒரு வார்த்தை பேசாமல் பழி வாங்குவது எப்படி என்று அந்த உறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இணையப் பெட்டி வந்தபோது தலைமையாசிரியர், "விலை உயர்ந்த பொருள் தலைமையாசிரியர் பொறுப்புலதான் இருக்கணும்" என்று சொல்லித் தம் அறையிலேயே சுவரில் மாட்டச் செய்தார். அவர் அறைக்கும் கணினி அறைக்கும் நடுவில் இரண்டு கனத்த சுவர்கள். அவர் கதவு திறந்திருந்தால் இணையம் தாழ்வாரம் வழியாக எட்டிப் பார்க்கும். மதியம் அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கண் அயர்ந்தால் அதுவும் அயர்ந்துவிடும். "டீச்சர், சார் தூங்கிட்டாரு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா?

இத்தனைக்கும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது? கணக்கு டீச்சர் தலையில். கணக்குக்கும் கணினிக்கும் முதல் எழுத்து ஒன்றாயிருக்கிறதே, அது போதாதா என்று தலைமையாசிரியர் ஹாஸ்யம் வேறு செய்தார். ஒன்று கெட்டாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் வேறொரு பள்ளியில் இப்படிப் பொறுப்பாயிருந்த ஒருவர், திரை உடைந்து போனதற்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதையை எல்லோரும் அவளிடம் ஒரு தடவையாவது சொன்னார்கள். அன்று பிடித்த பயம்தான். வயர்களின் பின்னாலேயே குனிந்து குனிந்து நடந்தாள். பிள்ளைகள் 'வயர் டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள்.

நாற்பது பிள்ளை, பத்துக் கணினி. மெஷினுக்கு நாலு பேர். நாலு பேர் கையும் மேலே பட்டால் எது யாரால் கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் ஒரு சட்டம் போட்டாள்: மெஷினுக்கு ஒரு கை. மவுஸையும் விசைப்பலகையையும் ஒருவர் மட்டும்தான் தொடலாம். மற்ற மூவரும் சுற்றி நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். வருஷம் முழுக்க அதே கைதான்.

பிள்ளைகள் இதற்கும் பெயர் வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து மவுஸ் பிடிப்பவன் டிரைவர். இடது பக்கம் நின்று, "மேல போ, இன்னும் கொஞ்சம், வலது பக்கம் திரும்பு, அமுத்து" என்று வழி சொல்வது கண்டக்டர். பின்னால் நிற்கும் இரண்டு பேர் பயணிகள். பயணிகள் பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார்கள், எல்லாப் பஸ்ஸிலும் நடப்பதுபோல.

முதல் நாள் குட்டிதான் டிரைவர். வரிசையில் முன்னால் வந்தவள் அவள், போய் நாற்காலியில் உட்கார்ந்தாள், மவுஸின் மேல் கையை வைத்தாள். திரையில் அம்பு லேசாக அசைந்தது. "அசையுதும்மா!" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

தாழ்வாரத்தில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த தையல் டீச்சர் நிமிராமலே சொன்னாள்: "அதானே. அம்மா கையில சாவி, பொண்ணு கையில மவுஸ். நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். கணக்கு டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. நாளைக்கு ஊர் முழுக்க இதே பேச்சாகிவிடுமே! விடுவிடென்று போய் மகளின் கையை மவுஸிலிருந்து எடுத்தாள். "நீ எழுந்திரு. அவன் உட்காரட்டும்." பின்னால் நின்ற பால்காரர் மகன் ஒன்றும் புரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். குட்டி எழுந்து இடது பக்கம் போய் நின்றாள். அன்றிலிருந்து அதுதான் அவள் இடம்.

பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டாதவள் என்று டீச்சருக்கு நல்ல பெயர் வந்தது. அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வீட்டில் எப்போதாவது, "ஒரு பக்கத்தை எப்படிச் சேமிப்ப, சொல்லு" என்று கேட்பாள். குட்டி தண்ணீர் பட்ட பாடாய்ச் சொல்வாள். இரண்டு வழி இருக்கிறது என்று மூன்றாவதையும் சேர்த்துச் சொல்வாள். வீட்டில் கணினி கிடையாது. சொல்லித்தான் காட்ட முடியும். நன்றாய்த் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று டீச்சர் நிம்மதியாய் வயர் பார்க்கப் போய்விடுவாள்.

இனி பரீட்சைக்கு வருவோம்.

மதிப்பெண் பார்த்துப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், ஆளுக்கொரு கணினி. வேறு பள்ளியிலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்திருந்தார். நெற்றியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்த ஒல்லி மனிதர். அவருக்கும் இது முதல் கணினிப் பரீட்சை. அவர் கையில் விதிமுறைத் தாள். அதிலே, எழுதுகிறவர்களின் உறவினர் அறைக்குள் இருக்கக் கூடாது என்று இருந்தது.

"மெஷின் ஏதாச்சும் நின்னா மட்டும் கூப்பிடறேன் டீச்சர். அதுவரைக்கும் நீங்க வெளியிலதான்."

தன் இடுப்புச் சாவியால் தானே திறந்த அறைக்கு வெளியே டீச்சர் நின்றாள். பொத்தான் கழற்றிய உறைகள் கைநிறைய இருந்தன. அவற்றைத் தையல் மெஷின் மேலே போட்டாள், எடுத்தாள், மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். தலைமையாசிரியர் அறைக் கதவு செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்திருந்தது. உள்ளே அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இணையப் பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கிவிடக் கூடாது என்று நின்றுகொண்டே இருந்தார், பாவம்.

"சார், எரியுதா?"

"எரியுது டீச்சர்."

நாலு எட்டு நடந்து திரும்பி வந்தாள். "இப்ப?"

"இப்பவும் எரியுது. நீங்க பத்து தரம் கேட்டா அதுவே பயந்து அணைஞ்சுரும்."

"கொஞ்சம் உட்காருங்களேன் டீச்சர், எனக்கே தலை சுத்துது" என்றாள் தையல் டீச்சர். அவள் பாட்டுக்குச் சிறுவர் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் எழுந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் பேட்டரி என்று நினைத்தாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். பேட்டரி இல்லை. தேனீக் கூட்டம் போல ஒரு முணுமுணுப்பு. அறைக்குள்ளிருந்து. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

குட்டி சன்னலோரத்து மெஷினில்தான் இருந்தாள். நாற்காலியின் நடுவில் உட்காரவில்லை, இடது ஓரத்தில் தொற்றிக்கொண்டிருந்தாள். மவுஸை ஐந்து விரலாலும் கவ்வி, தவளையை அமுக்கிப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். கண் திரைக்கும் கைக்கும் மாறி மாறி ஓடியது. அம்பு வலது ஓரத்துக்குப் போய் மறைந்தது. மவுஸ் மேசை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. குட்டி அதை அப்படியே காற்றில் நகர்த்திப் பார்த்தாள். பிறகு பொறுமையிழந்து, வீட்டில் அப்பாவின் செல்போனில் செய்வதுபோல, திரையையே விரலால் தள்ளினாள். திரை அசைந்து கொடுக்கவில்லை.

அவள் உதடு மட்டும் நிற்கவே இல்லை. "மேல போ. இன்னும் மேல. போதும், போதும். இடது பக்கம் வா. அங்கதான். அமுத்து."

தன் கைக்குத் தானே வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் மட்டுமல்ல. பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் தவிர மற்ற எல்லோரும். வருஷம் முழுக்க வாயால் வண்டி ஓட்டிய கண்டக்டர்கள், கை கொடுக்க டிரைவர் இல்லாமல் அந்தரத்தில் நின்றார்கள். பழக்க தோஷம், வாய் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. "கீழ வா, வலது பக்கம், அமுத்து, அமுத்துன்னா அமுத்து!" என்று ஒருத்தி தன் கையையே திட்டினாள். பால்காரர் மகன் மட்டும் ஒரு மூலையில் சத்தமில்லாமல் டக் டக்கென்று போய்க்கொண்டிருந்தான்.

மேற்பார்வையாளர் ஒரு தடவை "அமைதி" என்றார். இன்னொரு தடவை மேசையைத் தட்டினார். மூன்றாவது தடவை அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாரும் கையை எடுங்க! எழுந்திரிங்க! என்ன நடக்குது இங்க? மேல, கீழ, வலது, இடதுன்னு சாடை பேசி விடை சொல்லிக்கறீங்களா? நான் வந்து எத்தனை பரீட்சை பார்த்திருக்கேன், என்கிட்டயேவா? இந்தப் பள்ளியையே ரத்து பண்ணச் சொல்லி இப்பவே பேசறேன்!"

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். திரையின் மூலையில் நேரம் மட்டும் எழுந்து நிற்கவில்லை, அது பாட்டுக்குக் குறைந்துகொண்டே போனது.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடாத கால் எப்படியோ அவளை அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"டீச்சர், நீங்க உள்ள வரக் கூடாது."

"சார், அவங்க காப்பியடிக்கல."

"பின்ன? எல்லாரும் வாய்விட்டுப் பேசறாங்களே!"

"அவங்க பேசறது அவங்க கையோட சார்."

மேற்பார்வையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கணினிப் பரீட்சையில் அம்மாமார்களுக்குப் புத்தி பிசகும் என்று விதிமுறைத் தாளில் இல்லையே என்று யோசித்திருப்பார்.

இனிமேல் மழுப்ப வழியில்லை. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் பச்சை விளக்கை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். தையல் டீச்சரும் கையில் காலரோடு வந்து நின்றாள். எல்லோர் முன்னாலும் கணக்கு டீச்சர் சொன்னாள்:

"நான் இவங்களுக்கு மவுஸைக் கொடுக்கவே இல்ல சார். மெஷின் கெட்டுடுமேன்னு பயம். ஒருத்தர் தொடணும், மத்தவங்க பக்கத்துல நின்னு வழி சொல்லணும்னு வச்சிருந்தேன். வருஷம் பூரா அப்படித்தான். இவங்களுக்குச் சொல்லத்தான் தெரியும். கைக்குப் பழக்கமில்ல. அதான் வாய் தானா பேசுது. தப்பு பிள்ளைங்க மேல இல்ல, என் மேல. நீங்க யார்கிட்ட வேணா பேசுங்க, என் பேரைச் சொல்லிப் பேசுங்க. இப்ப அவங்களை உட்காரச் சொல்லுங்க, நேரம் போகுது."

அத்தனை வருஷம் பாடம் நடத்திய வாய், சொந்தப் பிள்ளை முன்னால் இப்படி நடுங்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. குட்டியைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

மேற்பார்வையாளர் தாளைப் புரட்டினார். கையோடு பேசுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "எங்க, மவுஸைப் பிடிச்சு அந்த வட்டத்துல அமுத்து பார்ப்போம்" என்றார். அந்தப் பெண் பிடித்தாள். "கீழ... கீழ..." என்று அவள் உதடு அசைந்தது, அம்பு எங்கெங்கோ போய் மேலே முட்டிக்கொண்டு நின்றது. அவர் முகம் மாறியது. அவரும் ஒரு வாத்தியார்தானே.

"உட்காருங்க. பேசறதா இருந்தா வாய்க்குள்ள பேசுங்க" என்றார். டீச்சரிடம் திரும்பி, "நீங்க வெளியில போங்கம்மா" என்றார். டீச்சர் என்பது அம்மாவாகிவிட்டது. தலைமையாசிரியர் இணையப் பெட்டியிடம் ஓடினார்.

தாழ்வாரத்தில் தையல் டீச்சர் காலரையும் ஊசியையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். சொன்னாள்: "அன்னிக்கு நான் சொன்னது... ரூமைப் பிடுங்கிட்டாங்களேங்கற எரிச்சல் டீச்சர். வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நீங்க அதை இவ்வளவு நாள் பிடிச்சுக்கிட்டு இருப்பீங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

தையல் டீச்சர் ஒரு வார்த்தைதான் சொன்னாள். கையைப் பிடித்து எடுத்தது யார்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கணக்கு டீச்சருக்கு அன்று தெரிந்தது. நன்றாய்த் தெரிந்தது. எழுந்து நடந்தாள், வந்தாள், நடந்தாள். சன்னல் பக்கம் மட்டும் போகவில்லை.

நேரம் முடிந்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பால்காரர் மகன் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "எல்லாம் முடிச்சுட்டேன் டீச்சர்!" என்றான். டீச்சர் அவன் தலையில் கை வைத்தாள். அவன்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? குட்டி கடைசியாக வந்தாள். வலது கை விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே வந்தாள்.

"எப்படிம்மா?"

"பாதிக்குக் கொஞ்சம் மேல."

"மீதி?"

"படத்தை இழுத்துட்டுப் போய்ப் பெட்டியில போடணும்னு வந்துச்சு. இழுத்தா நடுவுலயே விழுந்து விழுந்து போச்சு. அதுலயே நேரம் போயிடுச்சு." மறுபடியும் விரல்களை மடக்கினாள். "விடை எல்லாம் தெரியும்மா. எல்லாத்துக்குமே தெரியும்."

அழுதிருந்தால் டீச்சருக்குத் தேவலாம் என்றிருக்கும். குட்டி அழவில்லை. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். டீச்சர்தான் தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்து அழுதாள். பாதிக்குக் கொஞ்சம் மேல் முடித்தவர்களுக்கு அந்தப் பள்ளியில் இடமில்லை என்று அவளுக்குத் தெரியும். இனி இரண்டு பஸ் மாற வேண்டியதுதான். அந்தப் பெண்ணின் மூளைக்கும் அந்தப் பள்ளிக்கும் நடுவில் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று நின்றுவிட்டது. அதை நிறுத்தியவள் பெற்றவள்.

பள்ளி விட்டு எல்லோரும் போனபின் அறையைப் பூட்ட வேண்டும். உறை போட வேண்டும். எப்போதும்போல் குட்டி உதவிக்கு நின்றாள். பொத்தான் போட ஒரு உறையைக் கையில் எடுத்தாள். டீச்சர் அதை வாங்கித் தரையில் போட்டாள். எல்லா உறைகளையும் வாங்கித் தரையில் போட்டாள்.

"இது இனிமே வேணாம். நாளையிலேர்ந்து எல்லாரும் மாத்தி மாத்தி உட்காரணும். கெட்டா கெடட்டும்." சன்னலோரத்து மெஷினை இயக்கிவிட்டு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டாள். "உட்காரு."

"இப்ப எதுக்கும்மா?"

அந்தக் கேள்வியில் கோபம்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் என்று டீச்சர் எப்படிச் சொல்வாள்? மகளின் இரண்டு தோளையும் பிடித்து உட்கார வைத்தாள். ஓரத்தில் தொற்றியவளை நடுவுக்கு நகர்த்தினாள். மவுஸின் மேல் அந்தக் கையை எடுத்து வைத்தாள். முதல் நாள் அங்கிருந்து தான் எடுத்த அதே கையை.

குட்டி திரையைப் பார்த்தாள். பிறகு அம்பை மெல்ல அசைத்தாள். "சரி, நீ அந்தப் பக்கம் போ" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். கண்டக்டர் அங்கதான் நிக்கணும். நீ வழி சொல்லு, நான் ஓட்டறேன்."

டீச்சர் போய் நின்றாள். இந்த வருஷம் முழுக்க அவள் அந்த அறையில் எல்லா இடத்திலும் நின்றிருக்கிறாள். முன்னால் நின்றிருக்கிறாள், பின்னால் நின்றிருக்கிறாள், வயருக்காக மேசைக்கு அடியில்கூடத் தவழ்ந்திருக்கிறாள். இடது பக்கம் மட்டும் நின்றதில்லை. அங்கிருந்து திரையைப் பார்த்தாள். மலிவான திரை. ஓரத்திலிருந்து பார்க்கும்போது நிறமெல்லாம் கறுத்து, எழுத்தெல்லாம் கலைந்து, அதன்மேல் சன்னலின் வெளிச்சம் வந்து உட்கார்ந்திருந்தது. கழுத்தை வளைத்தாள். குனிந்தாள். எக்கிப் பார்த்தாள். சன்னலும் சன்னலில் தன் தலையும்தான் தெரிந்தன. அம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

இங்கே நின்றா இந்தப் பெண் அத்தனையும் கற்றுக்கொண்டாள்?

"சொல்லும்மா. எங்க போகணும்?"

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே குட்டி."

குட்டி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்றாள். "போகப் போகப் பழகிடும்."